கோலமாவில் போட்ட சதுரங்கம்

நான் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, போலீஸ் கொமிசேர் ஐயா. அதனால்தான் என் மனைவி செல்வாம்பாள் ஜில்பேருடைய காபியில் இரண்டு கரண்டி போட்டது கண்ணில் பட்டது.

ஜில்பேர் எங்கள் எதிர்வீட்டுக்காரன். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்சனோடு முதலியார்பேட்டைக்குத் திரும்பியவன். ஐம்பத்தெட்டாம் வருஷம், அமெரிக்காவில் ஓர் இயந்திரம் சதுரங்கம் ஆடுவதாகப் பத்திரிகையில் படித்தான். இயந்திரத்துக்கு எங்கே போவது? என்னோடு ஆட வீட்டையே இயந்திரமாக்கினான். கூடத்தில் ஒரு பலகை வரைவது. அதிலிருந்து அவன் நகர்த்தக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. அதற்கு நான் சொல்லக்கூடிய ஒவ்வொரு பதிலுக்கும் இன்னொன்று. கூடம் நிரம்பி, சமையலறை நிரம்பி, மொட்டைமாடிக்கு ஏறியது. மூன்று நகர்த்தலுக்கு அப்பால் பார்க்க வீட்டில் இடமில்லை. காய்கள் உட்பட எல்லாம் கோலமாவு. விடிவதற்குள் எறும்பு யானையைத் தின்றிருக்கும். கோலம் போட்டவள் செல்வாம்பாள்.

முறையை அவனே எனக்குச் சொன்னான். “அண்ணே, எதிராளிய நல்லவன்னு நெனைக்கவே கூடாது. நமக்கு எது ரொம்பக் கெடுதலோ அதத்தான் ஆடுவான்னு வச்சிக்கணும். ஒரு பதில் நம்மளக் கவுத்துடுச்சா, மீதியப் பாக்காத. அழிச்சிட்டு வேற எடத்துக்குப் போ.”

இருபது வருஷமாக என்னை யாரும் ஜெயித்ததில்லை. அந்த வீட்டுத் தரை ஜெயித்தது.

“இன்னாங்க, மாவு தின்ன எறும்பே உங்கள ஜெயிச்சிடும் போலக்குதே” என்று செல்வாம்பாள் சிரித்தாள்.

எனக்கு வருத்தமில்லை. நல்ல முறை, வீட்டுக்கு எடுத்து வந்தேன். இரண்டு கரண்டி சர்க்கரைக்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? ரொம்பக் கெடுதலானது முதலில் வந்தது. மீதியை அழித்தேன். எதிர்வீட்டிலிருந்து வரும்போது அவள் பாட்டு முனகியதற்கும் அப்படியே.

பிறகு என் ஆட்டம். நோணாங்குப்பத்தில் படகேறலாம் என்பேன், வருவான். நடு ஆற்றில் எழுந்து நிற்பேன், படகு சாயும். நான் நீந்துவேன், அவனுக்கு நீச்சல் தெரியாது. மூன்றே நகர்த்தல்.

“அண்ணே, உக்காருங்க, கவுந்துடும்” என்றான். முறைப்படி சரியான பதில்தான். கவிழ்ந்தது.

நான்காவது நகர்த்தல் செல்வாம்பாளுடையது. ஜில்பேருக்குக் காரியமெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம், கூடத்தில் பலகை வரைந்து எதிரே உட்கார்ந்தாள். “ஆடுங்க. உங்களோட ஒக்காந்து ஆடணும்னுதான் அந்தத் தம்பிகிட்ட கத்துக்கினேன்” என்றாள்.

சர்க்கரையைப் பற்றிக் கேட்டேன்.

“மலேரியா சொரத்துக்குக் கொய்னா மாத்திர முழுங்குற மனுசன். வாயெல்லாம் கசப்பு, பாவம்.”

அதெல்லாம் நான் அழித்துவிட்ட இடங்களில் இருந்திருக்கிறது. பார்க்க வேண்டாம் என்றவன் ஜில்பேர். தப்பு அவன் முறையில்.

படகு தானாகக் கவிழ்ந்தது என்று எழுதிவிட்டீர்கள், ஐயா. திருத்திக்கொள்ளுங்கள். நல்ல ஆட்டத்தைத் தற்செயல் என்றால் ஆடினவனுக்கு மனம் ஒப்பாது.

பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பொறாமைக்காரனாக இருந்தால் அவளையும் அல்லவா படகில் ஏற்றியிருப்பேன்? அந்த நகர்த்தலையும் பார்த்தேன். கடலோரக் குருசுக்குப்பத்துப் பெண், நீந்திவிடுவாள்.