புல் வளரப் பூட்டிய கதவைத் திறந்துவைத்த அக்காவுக்கு

விண்ணப்பம் எழுதி எழுதியே விரல் வளைந்த வித்தகியே! வெறுங்கையோடு திரும்பிய மறுநாளும் வேலை நேரத்துக்கு முன்பே வந்தமர்ந்த வைராக்கியமே! பெட்டி கட்டுவதிலும் பெட்டி பிரிப்பதிலும் பேராசிரியையே! எங்கள் கால்பந்துக் கூட்டமைப்பின் விண்ணப்பப் பிரிவுச் செயலரே! இவ்வளவு நீட்டி அழைத்தால் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள் என்பதால், வழக்கம்போலவே அழைக்கிறோம்: அக்கா, வணக்கம்.

ஓய்வு பெறுகிறவரை ‘ஓயாது உழைத்தவரே’ என்று விளிப்பது மடல் எழுதுவோர் வழக்கம். பொய் சொல்ல மனம் வரவில்லை. தாங்கள் ஓய்ந்து ஓய்ந்து உழைத்தவர். மாடிப்படியில் பாதியில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டவர். கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்தித் தேய்த்துக்கொண்டவர். ஒரு நீண்ட பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தவர். அந்தப் பெருமூச்சு கேட்டால்தான் எங்களுக்கு அலுவலகம் திறந்ததாகக் கணக்கு.

தட்டச்சராக நுழைந்து, உதவியாளராக உயர்ந்து, செயலராகச் சிறந்து, தாங்கள் இங்கே கழித்த முப்பத்தோர் ஆண்டுகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு ஆசைக்குப் போய்விட்டது. உலகத்துப் பெண்களெல்லாம் கூடி ஆடும் கால்பந்துப் போட்டியை ஒருமுறையாவது நம் நாட்டில் நடத்திவிட வேண்டும். அதற்காக நாடுகள் போட்டி போட்டு விண்ணப்பிப்பது எப்படிப்பட்ட கூத்து என்பது இந்த அவையில் சிலருக்குத் தெரியாது. அது ஒரு சந்தை. எல்லோரும் கடை விரிக்கிறார்கள். ஒருவர் விமான நிலையத்தைக் காட்டுகிறார், ஒருவர் விடுதிகளைக் காட்டுகிறார், இன்னொருவர் இனிமேல் கட்டப்போகும் அரங்கத்தை இன்றைக்கே கட்டிவிட்டதுபோல் படம் வரைந்து காட்டுகிறார். வாங்க வருகிறவர்கள் எல்லாக் கடையிலும் புன்னகைத்துவிட்டு, எந்தக் கடைக்குப் போவதென்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சந்தையில் நம் முதல் கடை போணியாகவில்லை. காரணம் கேட்டுப் போன தங்களிடம், நம் விண்ணப்பப் புத்தகத்தின் அட்டையில் ஆடுகிறவர்களும் ஆண்கள், பார்க்கிறவர்களும் ஆண்கள் என்று சுட்டிக்காட்டினார்களாம். “படம் நல்லா இருந்துச்சே” என்று நம் தலைவர் வருந்தியதை இன்றும் நினைத்துக்கொள்கிறோம்.

அவர் மேடையில்தான் வீற்றிருக்கிறார், கோபித்துக்கொள்ளமாட்டார். இனிச் சொல்லப்போவதற்கும் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறோம்.

இரண்டாம் விண்ணப்பத்தில்தான் அந்த வழக்கம் தொடங்கிற்று. ஆய்வுக் குழு வரும்போது ஆடுகளம் பச்சைப் பட்டாக விரிந்து கிடக்க வேண்டும் என்று, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே மைதானத்தைப் பூட்டினோம். ஆண்கள் அணிக்கு வேறு மைதானம் உண்டு. இந்த மைதானத்தில் மாலைதோறும் ஆடிவந்தவர்கள் நம் பெண்கள் அணியினர்தாம். பெண்கள் போட்டி வரவேண்டும் என்பதற்காகப் பெண்களை வெளியே அனுப்பிப் பூட்டிய பெருமை, பூமியில் நமக்கு மட்டுமே உரியது. அவர்கள் மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். அங்கே தரை, சரளைக்கல். வாசலில் ஆணி அடித்துப் பலகை மாட்டினோம்: ‘புல் வளர்கிறது, உள்ளே வரக்கூடாது.’

ஆய்வுக் குழுவின் தலைவி, நரைத்த கிராப்புத் தலை அம்மையார், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் நடந்தார். மொழிபெயர்த்தது தாங்கள்தான்.

“அருமையான புல். உங்க பொண்ணுங்க எங்க ஆடறாங்க?”

“இங்கதான் மேடம்,” என்றார் தலைவர்.

“எப்போ?”

“புல்லு வளர்ந்ததும்.”

இந்தப் பதிலை மொழிபெயர்க்காமல் விழுங்கிவிடத் தாங்கள் ஒரு கணம் நினைத்ததாகப் பின்னர் சொன்னீர்கள். விழுங்கவில்லை. மொழிபெயர்த்தீர்கள். அந்த அம்மையார் சிரித்தார், நாம் தோற்றோம். தோற்றபின் கூட்டம் போட்டு ஆராய்ந்து, புல் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினோம். ஆகவே மூன்றாம் முறை இன்னும் முன்கூட்டியே பூட்டினோம்.

அந்த மூன்றாம் முறையில்தான் நம் அணியின் கோல்கீப்பர் தங்கள் அறைக்கு வந்து நின்றாள். முழங்கை இரண்டிலும் தோல் இல்லை. இடுப்பில் கட்டு. பயிற்சியாளர் அனுப்பவில்லை, யாரைப் பற்றியும் புகார் சொல்லவும் வரவில்லை. நின்றபடியே கேட்டாள்:

“எங்களுக்காகத்தான் போட்டி கேக்கறீங்க, சந்தோஷம்க்கா. அது வர்ற வரைக்கும் நான் எங்க விழறது?”

கோல்கீப்பருக்கு விழுவதுதான் தொழில். அந்தக் கேள்வியோடுதான் தாங்கள் பெட்டி கட்டினீர்கள். மூன்றாவது தோல்வியோடு ஊர் திரும்பி, பெட்டியைப் பிரித்து, அடுத்த விண்ணப்பத்துக்குத் தாள் எடுத்தீர்கள். தங்கள் வீட்டுக்காரர் எங்களிடம் சொன்னார்: “ஜெயிச்ச மாதிரி கட்டறா, தோத்த மாதிரி பிரிக்கறா. எனக்கு ரெண்டும் பழகிடுச்சு.”

ஆனால் நான்காம் முறை, பூட்டுப் போட்ட மறுநாளே, புல்தரையைப் பராமரிக்கும் நம் அண்ணனிடம் போய்ச் சாவியைக் கேட்டீர்கள். நாங்கள் எல்லோரும் சன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

“தலைவர் என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாருக்கா.”

“வரிசையில முதல்ல நான் நிக்கறேன். என்னைத் தொலைச்சுட்டு உங்ககிட்ட வரட்டும்.”

“புல்லு போயிடும்க்கா.”

“புல்லுதானே அண்ணே. திரும்ப முளைக்கும்.”

கதவு திறந்தது. பலகையைக் கழற்றினீர்கள். ஆணி மட்டும் மிஞ்சியது. மாலைதோறும் பெண்கள் ஆடினார்கள். ஆய்வு நாள் வருவதற்குள் கோல் கம்பங்களுக்கு நடுவே புல் உதிர்ந்து, தரை வழுக்கைத் தலைபோல் பளபளத்தது. ஒரு மணி நேரமாவது அவர்களை வெளியே அனுப்பும்படி தலைவர் கெஞ்சினார். தாங்கள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தும் தெம்பும் அன்று தங்களுக்கு இல்லை. “மூடி வச்ச கடைக்கு யாரு சார் வாங்க வருவாங்க?” என்றீர்கள், அவ்வளவுதான். அதே நரைத்த கிராப்பு அம்மையார் வந்தார், புல்லைப் பார்க்கவேயில்லை. கோலுக்குப் பின்னால் போய் நின்றவர், தேநீர் ஆறும்வரை அசையவில்லை. நம் கோல்கீப்பர் அந்த வழுக்கைத் தரையில் விழுந்து விழுந்து எழுந்தாள்.

இந்த இடத்தில் ‘ஆகவே வென்றோம்’ என்று எழுதத்தான் எங்களுக்கும் ஆசை. வெல்லவில்லை. பக்கத்து நாட்டில் விமான நிலையம் பெரியது, விடுதிகள் அதிகம், வாக்கெடுப்பில் உயர்ந்த கைகளும் அவர்கள் பக்கமே அதிகம். நேர்மையாகக் கடை விரித்தவனுக்கெல்லாம் வியாபாரம் ஆகும் என்று சொல்கிறவர்கள் சந்தைப் பக்கமே போகாதவர்கள்.

வாக்கெடுப்பு முடிந்து விமான நிலையத்திலிருந்து நேரே மைதானத்துக்கு வந்தீர்கள், பெட்டியோடு. பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

“என்னாச்சுக்கா?” என்றாள் கோல்கீப்பர்.

“இல்லைன்னுட்டாங்கடா.”

கையுறையைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். “சரி. நாளைக்குக் கதவு திறந்திருக்கும்ல?”

“திறந்திருக்கும்.”

“அப்போ பாத்துக்கலாம்,” என்று கம்பங்களுக்கு நடுவே ஓடிவிட்டாள். தாங்கள் பெட்டிமேல் அமர்ந்து, இருட்டத் தொடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று தங்களிடமிருந்து பெருமூச்சே வரவில்லை என்பதைப் புல்தரை அண்ணன் எங்களிடம் ஏதோ அதிசயம்போலச் சொன்னார்.

அயர்வை அணிகலனாய் அணிந்த அம்மையே! தாங்கள் விடைபெறும் இவ்வேளையில் ஒரு செய்தி. ஐந்தாம் விண்ணப்பம் போடப்போகிறோம் என்று தலைவர் அறிவித்துவிட்டார். புதுப் பூட்டு ஒன்றும் வாங்கி வந்தாயிற்று. பிரிக்காத உறையோடு அது அலுவலக மேசைமேல் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இம்மடலை எழுத உட்கார்ந்தோம். தங்கள் அறை நாளை காலியாகும். தாங்கள் சொன்ன ‘திறந்திருக்கும்’ என்ற சொல்லும் சேர்ந்து காலியாகுமோ என்பதே எங்கள் கவலை.

ஆகையால், சபையறியச் சொல்கிறோம். ஐந்தாம் விண்ணப்பத்துக்கும் நாங்களே உழைப்போம். தோற்றாலும் பெட்டியைப் பிரிப்போம். கதவை மட்டும் பூட்டமாட்டோம். சந்தையில் ஒரு சட்டம் உண்டு: பொருளை எடுத்துக் கொடுத்த கை, பேரத்துக்குச் சம்மதித்த கை. இன்னும் சற்று நேரத்தில் தலைவர் அவர்கள் இம்மடலைத் தம் பொற்கரத்தால் தங்களுக்கு வழங்கவிருக்கிறார். வழங்கும் கை, இதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் சம்மதம் தந்த கை. அவையினர் அனைவரும் சாட்சி. ஆகவே, தலைவரே, தயங்காமல் எழுந்து வாருங்கள்!

புதுப் பூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். புல்தரை அண்ணன் இன்று காலையிலேயே அதைத் தண்ணீர் மோட்டார் அறைக்குப் போட்டுவிட்டார். அதற்குத்தான் இத்தனை நாளாகப் பூட்டே இல்லை. வாசலில் மிஞ்சிய ஆணியும் வீணாகாது. இம்மடலின் இன்னொரு படியைச் சட்டம் போட்டு அதில் மாட்டப்போகிறோம். உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்த இடத்தில் இனித் தங்கள் கதை இருக்கும்.

முழங்கால் வலி முற்றும் நீங்கி, உறக்கம் நன்கு கூடி, வீட்டுக்காரர் கையால் தேநீர் வாங்கிக் குடித்து, பெட்டி கட்டவேண்டாத பெருவாழ்வு பல்லாண்டு வாழ்வீராக! சும்மா இருக்கச் சலிக்கும் மாலைகளில் மைதானத்துக்கு வாருங்கள். கோலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம். அங்கே புல் இருக்காது, அக்கா. அவள் விழுந்துகொண்டிருப்பாள்.

என்றும் தங்கள் பெருமூச்சுக்குப் பழகிய,
விண்ணப்பப் பிரிவு ஊழியர்கள்,
மோட்டார் அறைச் சாவியோடு புல்தரை அண்ணன்,
மற்றும், ஊழியர் இல்லையென்றாலும் கையெழுத்துப் போட்டே தீருவேன் என்று நின்ற கோல்கீப்பர்.