புலம்பல் மேசைக்கு வந்த பெரியக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, சங்கப் பெரியவர்களே, துயரத்தில் இருக்கும் குடும்பத்தாரே, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் என் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் காலணித் தொழிற்சாலையின் தரச் சோதனை மேற்பார்வையாளர், நாமெல்லாம் பெரியக்கா என்று அழைத்த அம்மையார், இன்று நம்மோடு இல்லை.

கேன்டீனில் ஜன்னலோரம் நாங்கள் உட்காரும் இடத்துக்குப் புலம்பல் மேசை என்று பெயர். அந்தப் பெயரை வாங்க நாங்கள் அரும்பாடு பட்டிருக்கிறோம்! மேலாளர் சரியில்லை, சாப்பாடு சரியில்லை, மழைகூடச் சரியில்லை. "அங்க போய் உட்காராதீங்க, உருப்பட மாட்டீங்க" என்று பெரியக்காவிடமும் சொன்னார்கள். கேட்டாரா? சாப்பாட்டுப் பெட்டியோடு நேரே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார்!

அறிவுரை சொன்னாரா? ஒரு நாளும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அதுக்கு என்ன பண்ணப் போறோம்?" என்பார். அது தெரிந்தால் நாங்கள் ஏன் புலம்பப் போகிறோம்? ஆனால் தினமும் கேட்டால் மனிதன் என்ன செய்வான், யோசிக்கத்தான் செய்வான். பசை ஒட்டும் பிரிவில் நெடி தாங்காமல் ஒரு பெண் மயங்கி விழுந்தபோது, முதன்முறையாகப் புலம்பாமல் எழுந்து மேலாளர் அறைக்குப் போனோம். எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது.

மாறியது நாங்கள் மட்டும்தானா? சத்தமாகத் தும்மக்கூடத் தயங்குகிறவர் பெரியக்கா. அன்று மேலாளர் அறையில் மேசையைத் தட்டிப் பேசினாரே! ஐயா, உங்களுக்கு நினைவிருக்கும். நேற்று வீட்டுக்குப் போனபோது அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்குக் கோபப்படவே தெரியாது மாமா. உங்களோட சேர்ந்துதான் கெட்டுப்போனாங்க" என்று சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். எங்கள் மேசையை இதுவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

சாயம் பூசும் பிரிவுக்கும் ஃபேன் கேட்கப் போவதாக இருந்தோம். அதற்குள் அவர் நோயில் படுத்துவிட்டார். அன்றிலிருந்து பழையபடி புலம்பல்தான். யார் முன்னால் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே வேலை செய்கிறவர்கள் இன்றும் இருமிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை காலம் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்கு என்ன அர்த்தம்?

மேலாளர் அவர்களே, நாளைக் காலை வேலை தொடங்கும் முன் உங்கள் அறைக்கு வருகிறோம். முதலில் பேசப் போகிறவன் நான். எனக்குப் பழக்கமில்லை, குரல் நடுங்கும். ஆனாலும் பேசி முடிக்காமல் திரும்ப மாட்டேன்.