பதினொரு மணிப் பனி

இருசம்மாள்: நேத்து சாயங்காலம், லாரிய மறிச்சது இருபது பேருன்னீங்க மண்டோரே. விடியறதுக்குள்ள அம்பது ஆயிட்டானுங்களா? குட்டி போட்டானுங்களா கம்யூனிஸ்டுக்காரனுங்க?

வீராசாமி: கத்தாத இருசம்மா. லயம் பூரா காது... ஒரே பனி அப்ப. மொதல்ல இருபதுதான் தெரிஞ்சுச்சு. விலகுனதும் பாத்தா அம்பது. ஒவ்வொருத்தனும் பனைமரம் ஒசரம். பெருவிரல இப்படி நீட்டு, கைநாட்டு வைக்கணும்.

இருசம்மாள்: பனியா?

வீராசாமி: பனின்னா பனி... என் கையே எனக்குத் தெரியல.

இருசம்மாள்: ரப்பர் பால் லாரி பன்னெண்டாம் நம்பர் மேட்டுக்கு எப்ப போகும்?

வீராசாமி: அது... மரம் வெட்டி, பால் எடுத்து... பதினொரு மணிக்கு.

இருசம்மாள்: பதினொரு மணிக்குப் பனி! தார் ரோட்டுல அப்பளம் சுடலாம் அந்த வெயில்ல.

வீராசாமி: அது அவனுங்க போட்ட பொகையா இருக்கும். குண்டு பொகை. சுட்டானுங்க பாரு... படபடபடன்னு, ஆயிரம் குண்டு! அதுல ஒண்ணு நம்ம நாகமுத்து மேல...

இருசம்மாள்: என் புருசன் மேல ஒரு குண்டுக் காயம் இல்ல. நெஞ்சு மேல டயர் ஏறுன தடம் இருந்துச்சு. பட்டை பட்டையா. என் மடியிலதான் தலைய வச்சுத் தூக்குனேன், மறந்துட்டீங்களா?

வீராசாமி: ...சரி. குண்டுக்குப் பயந்து லாரி பின்னால உருண்டுச்சு.

இருசம்மாள்: லாரி பயந்துச்சு?

வீராசாமி: லாரில போயிப் பாரு. ஏழு ஓட்டை. எண்ணிக்க.

இருசம்மாள்: நேத்து மத்தியானம் ஒரு ஓட்டை இல்ல. நாலு மணிக்குப் பால் கொட்டாய்ப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சு. கேட்டுல காவலுக்கு நிக்கிற ஸ்பெஷல் போலீசுக்காரன் நாயச் சுட்டான்னீங்களே.

வீராசாமி: ஆமா. வெறிநாய்.

இருசம்மாள்: ஏழு வெறிநாய்?

வீராசாமி: ஒன்னைய வேலை வாங்குற மண்டோருகிட்டயே வாய் நீளுது ஒனக்கு. பத்து மணிக்கு செலண்டார்லருந்து போலீசு ஜீப்பு வருது. அதுக்குள்ள இந்தக் கடுதாசியில கைநாட்டு வேணும்னு தொரை சொல்லிட்டாரு. மையிகூட நானே கொண்டாந்திருக்கேன். வையி.

இருசம்மாள்: பொணம் இன்னும் மலாக்கா ஆஸ்பத்திரியிலருந்து வரல. மையி வந்திருச்சு.

வீராசாமி: நம்ம நல்லதுக்குத்தான...

இருசம்மாள்: யாரு நல்லதுக்கு? போன வருசம் ரப்பர் ஷீட்டு அழுத்துற மெஷின் ரோலுல சேலை மாட்டி பெத்தம்மாள் செத்துப் போனா. என்னா எழுதுனீங்க? சேலைய ஒழுங்காக் கட்டத் தெரியாதவன்னு. அந்த ரோலுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு தடுப்பு உண்டா?

வீராசாமி: அது வேற...

இருசம்மாள்: புல்லு மருந்து டின்னக் கழுவாம வெளிய போட்டிருந்தீங்க. சாமிக்கண்ணு அதுல தண்ணி மொண்டு குடிச்சிட்டு வாயில நொரை தள்ளிச் செத்தான். குடிகாரன்னு எழுதுனீங்க. செத்தவன் வந்து இல்லேங்கவா போறான்! இப்ப என் புருசனுக்குக் கம்யூனிஸ்டா?

வீராசாமி: கௌரவமாத்தான் எழுதியிருக்கு. வீரச் சாவு மாதிரி.

இருசம்மாள்: என் புருசன் கெலிண்டான். லாரிக்குப் பின்னால தொங்கிக்கிட்டுப் போயி, மேட்டுல நின்னா குதிச்சு எறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுறவரு. ஏன்? அந்த லாரிக்கு ரெண்டு மாசமா பிரேக்கு இல்ல. ஒங்க பிரேக்கு என் புருசன்தான்யா! ரெண்டு காலு, ரெண்டு கை, ஒரு மரக்கட்டை!

வீராசாமி: சாமான் கேட்டு எழுதியிருக்கு லா... அவசரக் காலம்... ரோட்டெல்லாம் தடுப்பு...

இருசம்மாள்: படிங்க.

வீராசாமி: என்னாத்த?

இருசம்மாள்: கடுதாசிய. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. என்னா கௌரவம்னு கேக்குறேன்.

வீராசாமி: ம்... "என் கணவர் நாகமுத்து கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்டார். லாரி டிரைவர் மருதமுத்து அவர்களுக்கு முன்கூட்டியே துப்புக் கொடுத்து, அவர்களுடன் காட்டுக்குள் சென்றுவிட்டார்..."

இருசம்மாள்: நில்லுங்க. நேத்து, மருதமுத்தண்ணன அவனுங்க தூக்கிட்டுப் போயிட்டானுங்கன்னீங்க.

வீராசாமி: தூக்கிட்டுத்தான் போனானுங்க. பாதி தூரம். அப்புறம் அவனே எறங்கி நடந்தான். சிரிச்சிக்கிட்டே.

இருசம்மாள்: இதுல நான் கைநாட்டு வச்சா அந்த மனுசனுக்குத் தூக்கு.

வீராசாமி: காட்டுக்குள்ள போனவன்தான? அவன் எங்க திரும்பி வரப்போறான்...

இருசம்மாள்: அவரு மேட்டு உச்சியிலயே எறங்கிட்டாரு. அப்படித்தான?

வீராசாமி: அப்படித்தான்.

இருசம்மாள்: அப்ப லாரிய ஓட்டுனது யாரு?

வீராசாமி: ...தானா உருண்டுச்சுன்னேனே.

இருசம்மாள்: அந்தச் சரிவுல குஞ்சம்மா பால் எடுத்துக்கிட்டு இருந்தா. சத்தம் கேட்டிருக்கா. "டேய் நாகமுத்து, கட்டையப் போடுடா, சீக்கிரம் போடுடா"ன்னு.

வீராசாமி: அது அந்தக் கம்யூனிஸ்டுக்காரன்...

இருசம்மாள்: தமிழ்ல? பேரு சொல்லி? கட்டை போடச் சொல்லி? எந்த ஊருக் கம்யூனிஸ்டுக்காரன்யா லாரிய நிறுத்தி வைக்கப் பாடுபடுவான்!

வீராசாமி: மெதுவா...

இருசம்மாள்: காலையில நீங்க பேரு கூப்பிடுற பெரட்டுல ஒங்க தொண்டைய இருபது வருசமாக் கேக்குறவ அவ. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா. லாரிய ஓட்டுனது நீங்கதான? சொல்லுங்க.

வீராசாமி: பால் உறைஞ்சிரும்னு தொரை குதிச்சாரு. நான் என்னா செய்ய? கியரு ஏறல. பின்னால போவுது... பின்னால போவுது... கட்டை போட்டான். டயரு கட்டை மேல ஏறி... நான் வேணும்னா செஞ்சேன்?

இருசம்மாள்: இத எழுதுங்க. இதுக்கு என் பத்து வெரலையும் வைக்கிறேன்.

வீராசாமி: என்னா வெளையாடுறியா? நீ சொல்லு, குஞ்சம்மா சொல்லட்டும், யாரு நம்புவா? தொரை சொல்றதா, நீ சொல்றதா? அம்பது பேரோட மருதமுத்து காட்டுக்குள்ள போனத நான் பாத்தேன். பதினொரு மணிக்கு, என் ரெண்டு கண்ணால. ஜீப்பு வந்தா மொத வேலையா சத்தியம் பண்ணுவேன். எவன் வந்து இல்லேங்கிறான், பாக்குறேன்!

இருசம்மாள்: அண்ணே... போதும், வெளிய வாங்க.

வீராசாமி: யா... யாரு உள்ள?

மருதமுத்து: ஒக்காருங்க மண்டோரே, ஓடாதீங்க. பிரேக்கு இல்லாத லாரிய ஓட்டமாட்டேன்னு சாவிய ஒங்க கையில குடுத்துட்டு நேரா செலண்டாருக்கு நடந்தேன். நேத்துப் பத்து மணியிலருந்து ஒரு மணி வரைக்கும் போலீஸ் ஸ்டேசன் பெஞ்சுல ஒக்காந்து, அந்த லாரி ஒரு ஆள அடிச்சே தீரும்னு எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். அத விசாரிக்கத்தான் ஜீப்பு வருது.