பன்னிரண்டாம் தேதித் தகடு

லிபுஷே: ...படிவத்தை எங்கிட்ட நீட்டாதீங்க, தோழர் ஓத்மார். எனக்கு வேண்டியது உங்க கையெழுத்து.

ஓத்மார்: முதல்ல அந்த மெஷினை என் மேசையை விட்டு இறக்குங்க. பால் நாத்தம் அடிக்குது.

லிபுஷே: பால் கறக்கற மெஷின்ல பால் நாத்தம் அடிக்காம? உங்க தொழிற்சாலை பெத்த பிள்ளைதானே இது. மூஞ்சியைத் திருப்பிக்காம பாருங்க.

ஓத்மார்: குறை இருந்தா மூணு பிரதி எழுதி விற்பனைப் பிரிவுல குடுக்கணும். முப்பது நாள்ல பதில் வரும். நான் தரப் பரிசோதனை...

லிபுஷே: முப்பது நாளா? நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு எங்க கூட்டுப்பண்ணைக்கு விசாரணைக் குழு வருது. இருபத்திமூணு மாட்டுக்கு மடிநோய். அஞ்சை அடிமாட்டுக்கு அனுப்பியாச்சு. கறவைக்காரங்க தலைவி அஜாக்கிரதையா இருந்து பொதுச்சொத்தை நாசம் பண்ணிட்டான்னு எழுதி வச்சிருக்காங்க. அந்தத் தலைவி நான்.

ஓத்மார்: அதுக்கு நான் என்ன பண்ண?

லிபுஷே: மெஷின் வரும்போதே கோளாறுன்னு ஒரு வரி எழுதுங்க. கீழ உங்க பேரு, உங்க பதவி.

ஓத்மார்: என் முத்திரை குத்தி வெளிய போன மெஷினைக் கோளாறுன்னு நானே எழுதணுமா? நல்லா இருக்கே. அடுத்த வாரம் செங்கொடி விருது குடுக்க அமைச்சகத்துல இருந்து வர்றாங்க...

லிபுஷே: வரட்டும். ஸ்த்ராகாவோட மடியைக் காட்டுறேன். கல்லு மாதிரி இருக்கு.

ஓத்மார்: யாரு அது ஸ்த்ராகா?

லிபுஷே: மாடு.

ஓத்மார்: உங்க ஆளுங்க மெஷினை ஒழுங்காக் கழுவறதில்ல. காம்புல மாட்டற ரப்பர் உறை கிழிஞ்சாலும் மாத்தறதில்ல. அப்புறம் மடி வீங்காம என்ன செய்யும்?

லிபுஷே: மாத்தறதுக்கு ரப்பர் எங்க? நாலே நாலு ரப்பர் உறை கேட்டு ஆறு தடவை எழுதினேன். என்ன பதில் போட்டீங்க?

ஓத்மார்: உதிரி ரப்பர் திட்டக் கணக்குல வராது. முழு மெஷின்தான் கணக்கு.

லிபுஷே: அதனால நாலு ரப்பருக்காக முழு மெஷின் வாங்கணும். அதுக்கு முன்னாடி எடைக் கணக்கு...

ஓத்மார்: அது அறுபத்தி ஒண்ணுல. அப்பத் திட்டம் டன்ல இருந்துச்சு.

லிபுஷே: ஆமா, டன்ல இருந்துச்சு. வாளியைக் கோயில் மணி கனத்துக்கு வார்த்து அனுப்பினீங்க. எங்கம்மா இடுப்பு அதுலதான் போச்சு.

ஓத்மார்: திட்டம் நானா போட்டேன்? எங்கப்பா இங்க தகரம் அடிச்சவர். முதலாளி காலத்துல இது வெறும் பால் கேன் பட்டறை. நாப்பத்தெட்டுல அரசாங்கம் எடுத்துச்சு. அம்பத்தி மூணுல முதல் மெஷின் பண்ணோம். அது இப்பவும் ஓடுதா இல்லையா, சொல்லுங்க.

லிபுஷே: ஓடுது. அதான் வயித்தெரிச்சல். செய்யத் தெரியாதவங்கன்னா மன்னிச்சுட்டுப் போயிருப்பேன்.

ஓத்மார்: கத்தாதீங்க. அடுத்த அறையில டைப்பிஸ்ட் அம்மா இருக்காங்க.

லிபுஷே: அப்ப கதவைச் சாத்து.

ஓத்மார்: 'சாத்து'ன்னா சொன்னீங்க?

லிபுஷே: சாத்து, ஓத்மார். குவளையை முட்டிக் குடிச்சு, 'நீங்க' போய் 'நீ'ன்னு ஆனப்புறம் எதுக்கு இந்தத் தோழர் நாடகம்?

ஓத்மார்: ...சரி. சாத்தியாச்சு. மெதுவாப் பேசு.

லிபுஷே: கையெழுத்துப் போடு, நான் பேசவே மாட்டேன்.

ஓத்மார்: மெஷின்ல இருக்கற தேதித் தகட்டைப் பாரு முதல்ல. ஜனவரி பன்னிரண்டு. மாசத்து மத்தியில செஞ்ச மெஷின் கெட்டுப்போச்சுன்னு இதுவரைக்கும் ஒரு பண்ணையும் எழுதினதில்ல. இருபதுக்கு மேல தேதி போட்டதைத்தான் யாரும் தொடறதில்ல. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

லிபுஷே: ஏன் தொடறதில்லன்னு உன் வாயால சொல்லு.

ஓத்மார்: எதுக்கு, குத்திக் காட்டறதுக்கா?

லிபுஷே: ஆமா.

ஓத்மார்: ரப்பர் இருபத்தி அஞ்சாம் தேதிதான் வந்து சேருது. அதுவரைக்கும் மிச்சம் மீதியை வச்சு நிதானமா இருபது, முப்பது மெஷின் பண்றோம். அது நல்லா இருக்கும். அப்புறம் ஆறு நாள்ல ஒரு மாசத்து மெஷின். கணக்குப் பிரிவுப் பொம்பளைங்க வரைக்கும் வந்து ஸ்க்ரூ முடுக்குறாங்க. நான் எதைப் பரிசோதிக்க? முத்திரையை ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போயிடறேன். யார் வேணா எடுத்துக் குத்திக்கலாம்.

லிபுஷே: இயக்குநர்கிட்ட சொல்ல வாய் இல்லையா?

ஓத்மார்: இருந்துச்சு. சொன்னேன். 'உங்க பொண்ணு பல்கலைக்கழகத்துக்கு மனு போட்டிருக்கா, இல்ல?'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.

லிபுஷே: உன் பொண்ணுக்காக வருத்தப்படறேன். என் மாடுங்களுக்கு மனு எழுதத் தெரியாது.

ஓத்மார்: போதும். உன் மெஷின் பன்னிரண்டாம் தேதி மெஷின். அப்ப தப்பு உங்க கொட்டகையில. முடிஞ்சுது.

லிபுஷே: முடியல. இந்த டப்பாவைப் பிரி. காம்பை இழுத்து விடறதுதானே இதோட வேலை? இது இழுக்குது, விடமாட்டேங்குது. அப்படியே கவ்விப் பிடிச்சு ரத்தம் கட்ட வச்சுடுது. மூணு ஸ்க்ரூதான், பிரி.

ஓத்மார்: நான் எதுக்கு...

லிபுஷே: தரப் பரிசோதனைதானே நீ. வாழ்க்கையில ஒண்ணையாவது பரிசோதனை பண்ணு.

ஓத்மார்: ...இது என்ன... பேப்பரா?

லிபுஷே: ரப்பர் வாஷர் இருக்கவேண்டிய இடத்துல மாவட்டப் பத்திரிகையை மடிச்சு வச்சிருக்கு. ஈரத்துல ஊதி அடைச்சுக்கிச்சு. மேல இருக்கற தேதியைச் சத்தமாப் படி.

ஓத்மார்: ஜனவரி முப்பது.

லிபுஷே: தலைப்பு?

ஓத்மார்: 'கறவை இயந்திரத் தொழிலாளர் சாதனை... ஜனவரித் திட்டம் நூத்தி ரெண்டு சதவீதம்...'

லிபுஷே: பன்னிரண்டாம் தேதி முடிச்ச மெஷினுக்குள்ள முப்பதாம் தேதிப் பேப்பர். திட்டம் முடிஞ்சுதுன்னு போட்ட பேப்பரை உள்ள சொருகித்தான் திட்டத்தையே முடிச்சிருக்கீங்க.

ஓத்மார்: குடு அதை.

லிபுஷே: எதுக்கு... அடுப்புக் கதவை ஏன் திறக்கற? ஓத்மார், வேண்டாம்...

ஓத்மார்: எரிஞ்சு போச்சு. இப்பப் பேசு.

லிபுஷே: ...கையைச் சுட்டுக்கிட்டியா?

ஓத்மார்: அது உனக்கெதுக்கு.

லிபுஷே: சரி, பேசறேன். ஸ்த்ராகா முதல் நாளே உதைச்சா. மெஷினைப் பாத்தாலே நடுங்குனா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? தகட்டைப் பாத்தேன். பன்னிரண்டுன்னு இருந்துச்சு. மெஷின் நல்லது, மாடுதான் திமிரு பண்ணுதுன்னு காலைக் கட்டினேன். அடிச்சேன். பதினோரு நாள், ஓத்மார். வாய் இல்லாட்டியும் அது சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. நான் மாட்டை நம்பல, தகட்டை நம்பினேன்.

ஓத்மார்: அந்தத் தகட்டைக் கேட்டது யாரு? மறந்துபோச்சா? நான் சொல்றேன். ஜனவரி இருபத்தெட்டு, சனிக்கிழமை. உன் வீட்டுல பன்னி வெட்டினீங்க. என்னைக் கூப்பிட்ட. ரத்தச் சூப்பு, பிளம் சாராயம். குவளையை முட்டி 'இனிமே நீங்க இல்ல, நீதான்'ன.

லிபுஷே: ஞாபகம் இருக்கு.

ஓத்மார்: கிளம்பும்போது ஒரு முழுத் தொடையை சாக்குல சுத்தி என் கார்ல வச்ச. 'பதினஞ்சு மெஷின் வேணும், தேதி மட்டும் பதினஞ்சுக்குள்ள இருக்கணும்'ன. நல்ல மெஷின் குடுன்னு நீ கேக்கல. தேதி கேட்ட. குடுத்தேன்.

லிபுஷே: தேதி நல்லா இருந்தா மெஷினும் நல்லா இருக்கும்னு நெனச்ச கழுதை நான். நீ கழுதை இல்லையே. உனக்குத் தெரியுமே.

ஓத்மார்: அன்னிக்கு எங்கிட்ட நல்ல மெஷின் ஒண்ணுகூட இல்ல. தகடு மட்டும்தான் இருந்துச்சு. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தா தொடையைத் திருப்பிக் கேட்டிருப்ப.

லிபுஷே: தூ.

ஓத்மார்: துப்பிக்கோ. ஆனா நான் சொல்றதைக் கேளு. மெஷினை எடுத்துக்கிட்டுப் போ. நாளைக்கு 'சரியாக் கழுவல, தப்பாயிருச்சு'ன்னு சொல்லிடு. தலைவிப் பதவி போகும், அபராதம் வரும், அதோட விட்டுருவாங்க. மெஷின்தான் கோளாறுன்னு நீ வாயைத் திறந்தா, தேதியை யார் மாத்தினதுன்னு கேப்பாங்க. அப்புறம் அந்தப் பன்னித் தொடை வரைக்கும் போகும். வாங்கினவனுக்கும் ஜெயில், குடுத்தவளுக்கும் ஜெயில். குடுத்தது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ?

லிபுஷே: கேக்க வேண்டியதே இல்ல, எழுதியாச்சு. இன்னிக்கிக் காலைப் பால் வண்டியிலயே கடுதாசி அரசு வக்கீலுக்குப் போயிருச்சு. மீதிப் பதினாலு மெஷின்ல இருந்து எடுத்த பதினாலு பேப்பரும் அதுக்குள்ள இருக்கு. முதல் வரி பன்னித் தொடை, குடுத்தவள்னு எம்பேரு. ரெண்டாவது வரி உம்பேரு. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி ஓத்மார் அவனாவே ஒத்துக்கிட்டான்னு நாளைக்கு விசாரணையில உனக்காக ஒரு வார்த்தை சொல்லலாமேன்னுதான், இந்த ஒண்ணை மட்டும் சைக்கிள்ல கட்டி உங்கிட்டத் தள்ளிக்கிட்டு வந்தேன்.