பின்பக்க இடது கம்பம்

படகுக்குள் தண்ணீர் அடியிலிருந்துதான் வரும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது ஐயா, திருகாணித் துளை வழியாக.

எங்கள் பாய்மரப் படகின் மேல்தளத்தில் மேலும் கீழும் ஃபைபர், நடுவில் தக்கை மாதிரி லேசான மரம். அது நனைந்தால் உள்ளேயே மக்கிப்போகும், வெளியே தெரியாது. அதனால் துளையைப் பெரிதாகப் போட்டு, உள்மரத்தைச் சுரண்டி எடுத்து, பிசின் ஊற்றி இறுகவிட்டு, அந்தப் பிசினில் மறுபடி துளைபோட்டுத்தான் திருகாணி முடுக்க வேண்டும். பொறுமையான வேலை. என் கணவர் அதை என்னிடம் விட்டிருந்தார்.

"நீ கை வச்ச இடத்துல சொட்டுத் தண்ணி இறங்காதுடி" என்பார்.

நல்ல மனிதர். ஒருநாளும் கை ஓங்கியதில்லை. நான் எழுந்தால் "எங்க போற?" என்பார். அடுப்படிக்குப் போனாலும் பின்னாலேயே வருவார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார். வீட்டை விற்றுவிட்டு மிச்ச காலத்தைப் படகிலேயே கழிப்போம் என்று அவர் சொன்ன அன்று, படகுக்குள் எத்தனை கதவு என்று பார்த்தேன். ஒரு திரைதான் இருந்தது.

பின்பக்க இடது கைப்பிடிக் கம்பத்தின் துளைகளில் மட்டும் நான் பிசின் ஊற்றவில்லை. மேலே பசையை அழகாக இழுத்துவிட்டேன். தளம் கெட்டால் பயணம் நின்றுபோகும், அவ்வளவுதான் என் எண்ணம்.

அப்படியானால் ஏன் அந்தக் கம்பம் என்று கேட்கிறீர்கள். காலையில் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சிறுநீர் கழிப்பார்.

"உள்ள கழிவறை எதுக்காம்?" என்பேன்.

"இவ்வளவு பெரிய கடல் சும்மாதானே கிடக்கு" என்று சிரிப்பார்.

மழைக்காலம் முடிந்து வீடு கைமாறியது. படகில் அந்தக் கம்பத்தடியைக் குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். ஈர ரொட்டி மாதிரி அமுங்கியது. சொல்லியிருந்தால் பயணம் நின்றிருக்கும். சொல்லவில்லை.

கரை மறைந்த மறுநாள் காலை, கம்பம் திருகாணிகளோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. தண்ணீரிலிருந்து அவர் எனக்குத்தான் தைரியம் சொன்னார். "பதறாத. மெல்லத் திருப்பு."

சுக்கான் என் கையில் இருந்தது. படகைத் திருப்பத் தெரியாது என்று நேற்று உங்களிடம் சொன்னது பொய். தெரியும். அவரே பழக்கிவிட்டிருந்தார். நான் நேராகவே போனேன். அவர் குரல் கேட்காத தூரம் வந்த பிறகு திருப்பினேன்.

வெகுநேரம் தேடினேன் ஐயா. பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.