பார்க்கலாம்

இந்த அறையின் ஜன்னல் கண்ணாடியைச் சரியாகப் பொருத்தவில்லை, மேடம். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பட்டி வைத்து அடைக்காமல் ஆணியை மட்டும் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளியே லாரி போகும்போதெல்லாம் கடகடவென்று ஆடுகிறது, கேட்கிறதா? என் அப்பா இங்கே வந்திருந்தால் முதலில் அதைக் கழற்றிச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்.

அப்பாவுக்குக் கண்ணாடிக் கடை. பள்ளிக்கூடம் விட்டால் எனக்கும் அதுதான் இடம். கண்ணாடியை அறுக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் யாரும் அறுப்பதில்லை. வைர முனை வைத்த பேனாவால் ஒரே ஒரு கீறல் போடுவோம், அவ்வளவுதான். பிறகு விளிம்பில் மெல்லத் தட்டினால் கீறிய வழியில் அதுவே பிரிந்து வரும். "நாம உடைக்கிறது இல்லம்மா, அதுக்கு வழி காட்டுறோம்" என்பார் அப்பா. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்தது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இலக்கியம் எடுத்தேன். "கதை படிக்கிறதுக்கு எதுக்குடி காலேஜு? வீட்ல படுத்துக்கிட்டே படிக்கலாமே" என்று சித்தப்பா கேட்டார். அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு டாக்டராகப் போறா" என்பார். யாராவது மூட்டுவலியைச் சொல்லிக் காலை நீட்டினால், "இது ஊசி போடுற டாக்டர் இல்லப்பா, புத்தகத்துக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்" என்று அவரே சிரிப்பார்.

இரண்டு வருஷ மேல்படிப்பும் முடிந்து, ஆராய்ச்சிப் படிப்புக்கு ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆசிரியர்கள் பரிந்துரை எழுத வேண்டும். இருவர் கேட்ட வாரமே எழுதி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது ஆள் சார். என் ஆய்வேட்டுக்கு வழிகாட்டி அவர்தான், துறைத் தலைவரும் அவர்தான். அவர் எழுதாவிட்டால், இந்தப் பெண்ணிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் வேறு யாரையும் கேட்க வழியில்லை.

அவர் அறை வாசலில் நின்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேலே பார்த்தார். சிரித்தார். "பாக்கலாம்மா" என்றார்.

படிக்கட்டு இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் ஆம் என்று அர்த்தம், மேடம். சின்ன வயதில், உட்கார்ந்து எழுத ஒரு மேசை வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அந்த வாரமே பழைய கதவுச் சட்டத்தில் நாலு கால் அடித்து, மீந்த கண்ணாடித் துண்டை மேலே பதித்துக் கொண்டுவந்து போட்டார். கல்லூரியில் சேரட்டுமா என்று கேட்டபோதும் அதே சொல்தான். அப்பா முடியாது என்றால் முடியாது என்பார். பார்க்கலாம் என்றால் அவர் ஏற்கெனவே செய்யத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

சீனியர்கள் சாரை 'பாக்கலாம் சார்' என்று கூப்பிடுவார்கள். அதைச் செல்லப் பெயர் என்று நினைத்திருந்தேன்.

பிறகு காத்திருப்பு. கடையில் ஒரு கையில் வேலை, ஒரு கையில் போன். இணையப் பக்கத்தைத் திறந்தால் விண்ணப்பத்துக்கு நேரே 'பரிசீலனையில்' என்றும், சாரின் பெயருக்கு நேரே 'நிலுவை' என்றும் இருக்கும். கல்லூரிக்குப் போய்ச் சொன்னேன். "அது அப்படித்தாம்மா காட்டும். பாக்கலாம்" என்றார். கூடவே, "உங்கப்பா கண்ணாடிக் கடைதானே வச்சிருக்கார்? வீட்ல புத்தக அலமாரிக் கதவு ரெண்டும் விரிசல் விட்டுப்போச்சு. அளவெடுக்க ஆள் அனுப்புறியா?" என்று கேட்டார். நானே போய் அளவெடுத்தேன். அவர் கேட்டதை நாங்கள் செய்வோம், நாங்கள் கேட்டதை அவர் செய்வார் என்று நினைத்தேன். அதிலென்ன தப்பு?

அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் கேட்பார். "என்னம்மா, முடிவு வந்துச்சா?"

"இல்லப்பா."

"பெரிய இடம்ல. நிதானமாத்தான் வரும்."

முதல் பதில் வந்தது. விண்ணப்பம் முழுமையடையாததால் பரிசீலிக்க இயலவில்லை. அடுத்த மூன்றும் அப்படியே, சொல்கூட மாறவில்லை. என் எழுத்தைப் படித்துப் பார்த்து, இவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அதை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஐந்தாவது இடம் மட்டும் கருணை காட்டியது. பரிந்துரை இன்னும் வரவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் விண்ணப்பத்தை ஏற்போம் என்று எழுதியிருந்தார்கள்.

என்னோடு படித்த ஒருத்தியிடம் போய்ச் சொன்னேன். அவள் வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா எல்லோரும் ஆசிரியர்கள். அவளுக்கு மூன்று இடத்தில் கிடைத்திருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அவர் உங்கிட்ட என்ன சொன்னார்? எழுதறேன்னாரா?"

"பாக்கலாம்னார்."

"லூசு! பாக்கலாம்னா மாட்டேன்னு அர்த்தம்டி. இதுகூடவா தெரியாது உனக்கு? எங்க வீட்ல வேண்டாத சொந்தக்காரங்களை எங்கம்மா அப்படித்தான் வாசலோட அனுப்புவாங்க."

அவள் சிரித்தாள். கெட்டவள் இல்லை, அவளுக்கு அது உண்மையாகவே வேடிக்கையாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். சொல்லப்பட்டதை விடுங்கள், சொல்லாமல் விட்டதைப் படியுங்கள் என்று இரண்டு வருஷம் எனக்கு வகுப்பெடுத்தவர் சார்தான். அந்தத் தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்கு. எத்தனையோ செத்துப்போன ஆட்களின் மௌனத்தையெல்லாம் படித்துவிட்டு, உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தவருடையதைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடி இரண்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அப்பா வருகிறேன் என்றார். வேண்டாம், நானே போட்டுவிடுவேன் என்றேன். சாரின் மனைவி தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பொம்பளப் புள்ள தனியா இவ்ளோ பெரிய கண்ணாடியைத் தூக்கறியே!" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி.

முதல் கண்ணாடியைச் சட்டத்தில் தூக்கி வைத்தேன். ஆள் உயரம். ஸ்டூல் மேல் ஏறி மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சார், கீழ கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?" என்றேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்து மண்டியிட்டு உட்கார்ந்து பிடித்தார். நான் கையுறை போட்டிருந்தேன். அவருக்கு ஒரு ஜோடி கொண்டுபோகவில்லை.

"சார், இன்னிக்குத்தான் கடைசி நாள். அந்தப் பரிந்துரை எழுதிடுவீங்களா?"

எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, வண்டியில் இருந்த இரண்டாவது கண்ணாடியை எடுத்துவந்து மாட்டியிருப்பேன். முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட அப்படித்தான். இதை, பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதை எழுதுகிற அந்த அக்கா அடிக்கோடு போட்டுக்கொள்ளட்டும். முடிவை நான் எடுக்கவில்லை. அவர் வாயில்தான் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். அதே சிரிப்பு. "பாக்கலாம்மா. முதல்ல இதை முடி."

விளிம்பில் மெல்லத் தட்டினேன்.

கீறல் முதல்நாளே கடையில் போட்டது. சாய்வாக, மேலிருந்து கீழே. அலமாரியின் உள்பக்கம் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி கீறிய வழியில் பிரிந்து வந்தது. ஒரு பாதி அவர் தோளில் இறங்கியது, இன்னொன்று தொடையில். கண்ணாடி அவ்வளவு சத்தம் போடாது. சத்தமெல்லாம் அவருடையதுதான்.

அவர் உடனே சாகவில்லை. இது உங்கள் தாளில் இல்லை என்று நினைக்கிறேன். வாசல் பக்கம் நகர்ந்தார். அவருக்கு அடியில் விரிப்பு இருந்தது, அதைப் பிடித்து அவரோடு சேர்த்துப் பின்னால் இழுத்தேன். மேசையிலிருந்த போனுக்கு இடதுகையை நீட்டினார். அந்தக் கையைச் சில்லுகளின் மேல் வைத்து ஏறி நின்றேன். வலது கையை ஒன்றும் செய்யவில்லை. அது எனக்கு வேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு... போன் பண்ணும்மா" என்றார்.

"பாக்கலாம் சார்" என்றேன்.

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரத்தம் பட்ட விரலை அவர் போன் ஏற்றுக்கொள்ளாது. திரைச்சீலையில் அவர் கட்டைவிரலைத் துடைத்து, காயவைத்து, அழுத்தித் திறந்தேன். பல்கலைக்கழகம் அவருக்கு அனுப்பிய மின்னஞ்சல் திறக்கப்படாமலே கிடந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பரிந்துரையை எழுதினேன். நிதானமாகத்தான் எழுதினேன். அவர் எழுத்துநடை எனக்கு அத்துப்படி. 'இம்மாணவியின் பொறுமை அசாதாரணமானது' என்று தொடங்கினேன். 'அசாதாரணமானதா, அரிதானதா, சார்?' என்று திரும்பிக் கேட்டேன். உதடு மட்டும் அசைந்தது. அசாதாரணம் என்றே விட்டுவிட்டேன். மனப்பாடமாகச் சொல்லட்டுமா? வேண்டாமென்றால் சரி. அனுப்பி முடித்துத் திரும்பியபோது மூச்சு நின்றிருந்தது.

என் போனில் பக்கத்தைத் திறந்தேன். 'நிலுவை' போய், 'பெறப்பட்டது' என்று இருந்தது. சார் எனக்காகச் செய்த ஒரே காரியம் அது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன்.

நான் ஏன் ஓடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒப்புக்கொண்ட வேலை பாக்கி இருந்தது. நல்ல கண்ணாடியை வண்டியிலிருந்து இறக்கி ஒரு கதவுக்காவது பொருத்தினேன். பட்டி வைத்து விரலால் வழித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி வந்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் புதுக் கண்ணாடி அதிர்ந்தது. பட்டி காயவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அவரைத் தொடக்கூட இல்லை, கேட்டுப் பாருங்கள். அந்தம்மா எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே.

அப்பா நேற்று வந்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, அதன் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார். கிளம்பும்போது, "வீட்டுக்கு எப்பம்மா வருவே?" என்றார். "பாக்கலாம்பா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்கு அது புரிந்திருக்கும்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். ஆமாம், நான்தான் செய்தேன். யோசித்து, அளவெடுத்துச் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரே ஒரு உதவி வேண்டும். என் போன் உங்களிடம் இருக்கிறது. அந்த ஐந்தாவது இடத்து முடிவு இந்த வாரம் வர வேண்டும். வந்துவிட்டதா என்று தினமும் ஒருமுறை திறந்து பார்த்துச் சொல்வீர்களா? கிடைத்துவிட்டால், சேருகிற தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்க வேண்டியிருக்கும்.

என்ன சொன்னீர்கள், மேடம்? பார்க்கலாமா?

அது போதும். நான் காத்திருக்கிறேன்.