வேப்பிலைக் கயிறு

ஆடிக் கூழை ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. சூட்டோடு ஊற்றினால் பிள்ளைகள் நாக்கைச் சுட்டுக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த கை இது, எனக்குத் தெரியாதா?

கேட்டதற்கு வருகிறேன். எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் கேம்ப் ரோடு. அந்த வளைவில் வண்டிக்காரன் எவனும் பிரேக்கைத் தொடமாட்டான். போன வருஷம், தொண்ணூறில், என் பேத்தி கிளியம்மாள் சாப்பாட்டுத் தட்டோடு குறுக்கே வந்தாள். மணல் லாரி. பின்சக்கரம் இடுப்பில் ஏறியது. நான்தான் முந்தானையில் வாரினேன். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுக்க முடியவில்லை. தட்டு தகடாக ரோட்டோடு ஒட்டிக் கிடந்தது. அதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

இந்த ஜூனில் அவள் தங்கை அங்காளாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அவளும் அதே ரோட்டைத்தான் தாண்ட வேண்டும். வளைவில் ஒரு வேகத்தடை, ஒரு மேடு. நான் கேட்டது அவ்வளவுதான்.

ரோடு போடுகிற ஆபீசுக்கு நடந்தேன். அங்கே இன்ஜினீயர் லக்ஷ்மிநாராயணன். நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசுவார்.

"என்னம்மா, மறுபடியும் வந்துட்டீங்களா?"

"மேடு வந்துட்டா நான் ஏன் சார் வரப்போறேன்?"

"எழுதி அனுப்பியாச்சும்மா. மேலே சாங்ஷன் ஆகணும்."

"இன்னும் ஒரு கொழந்த போனா ஆவுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க குழந்தைங்க போனா ஆகாதும்மா. எங்க டிபார்ட்மென்ட் ஆள் ஒருத்தன் அங்க செத்தா மறுநாளே போட்டுடுவாங்க." பிறகு சிரித்தார். "நான் வேணா போய் விழட்டுமா?"

நான் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை அதையே யோசித்தேன். படித்தவர், அந்த ஆபீசிலேயே இருப்பவர், அவருக்குத் தெரியாமலா சொல்லியிருப்பார்?

ஆடியில் அங்காளம்மனுக்குக் கூழ் ஊற்ற ரோட்டில் வசூல் செய்வோம். வேப்பிலை கட்டிய கயிற்றைக் குறுக்கே பிடித்தால் வண்டி நிற்கும், காசு போடுவார்கள். தளர்வாகத்தான் பிடிப்போம். நிற்காத வண்டி என்று தெரிந்தால் கீழே விட்டுவிடுவோம்.

இந்தத் தடவை நான் கிணற்றுக் கயிற்றை எடுத்துவந்தேன். பக்கத்து வீட்டு முனியம்மா காசு வாங்கத் தட்டைப் பிடித்திருந்தாள். கிளியின் தட்டு.

"இன்னாக்கா, தேர் இழுக்கப் போறியா? இம்மாம் மொத்தமா கீது கயிறு."

"அறுந்துட்டா அசிங்கம்டி."

"அந்த மொனைய இன்னாத்துக்கு மரத்துல கட்டிக்கினு கீற? நான் புடிக்க மாட்டேனா?"

"உனுக்குக் கை வலிக்கும். நீ காச வாங்கு."

மரத்தில் என் கழுத்து உயரத்துக்குக் கட்டினேன். இந்த முனையை அதே உயரத்தில் விளக்குக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஒரு சுற்று இருந்தால் கிழவி கையும் தாங்கும்.

லாரிகளை விட்டேன். பஸ்ஸை விட்டேன். மத்தியானம் இன்ஜினீயர் சாப்பிட வீட்டுக்குப் போகும் வழி அது. அன்று சீக்கிரமே வந்துவிட்டார். ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே ஒரு டின். என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த வளைவில் அவரும் பிரேக்கைத் தொடவில்லை.

இழுத்தேன். வேப்பிலை மொத்தமும் ஒரே உதறலில் உதிர்ந்தது.

ஸ்கூட்டர் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் போய்ச் சாய்ந்தது. அவர் மல்லாந்து கிடந்தார். கழுத்து திறந்திருந்தது. மூச்சு அந்த வழியாகத்தான் வந்தது, கூழ் கொதிக்கிற சத்தத்தோடு. வலது கால் பிரேக்கைத் தேடுவதுபோல் அழுத்திக்கொண்டே இருந்தது. டின்னின் மூடி தெறித்து வெள்ளைப் பெயின்ட் ஓடியது, ரத்தம் அதில் போய்ச் சேர்ந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்ச நேரந்தான் சார்" என்றேன். மரியாதையான மனிதரைத் தனியே விடக்கூடாது.

முனியம்மா தட்டைப் போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, 'பெயின்ட் கொண்டாந்துட்டேம்மா'ன்னு கத்திகினுதானே வந்தாரு. பின்னாலயே ஜல்லி லாரி நிக்குது பாரு, மேடு போட."

முனியம்மாவுக்குக் காது மந்தம், ஐயா. கோயில் ஸ்பீக்கர் வேறு அலறியது. ஜல்லி லாரி மேடவாக்கத்துக்குப் போகிற லாரியாக இருக்கும்.

முதலில் விபத்து என்றுதான் நீங்கள் எழுதினீர்கள். முனியம்மா வாய் திறப்பதற்குள் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். மறுநாளே மேடு வந்தது. அவர் சொன்னது சொன்னபடி நடந்தது. மணல் லாரிகள் அங்கே வந்ததும் ஊர்ந்து போகின்றன. அங்காளா நிதானமாகத் தாண்டுகிறாள்.

ஒரு குறைதான். மேட்டில் வெள்ளைக் கோடு இல்லை, இருட்டினால் தெரிவதில்லை. சைக்கிளில் போன ஒருவர் விழுந்து பல் போயிற்று. அந்த டின்னை உங்கள் ஸ்டேஷன் மூலையில் பார்த்தேன், அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கொடுத்தால் நானே அடித்துவிட்டு வந்துவிடுவேன். அந்த மேட்டுக்கென்று வந்தது இல்லைதான். ஆனால் அதற்குச் சரியாகப் போதும்.